சோபைக்கு சுவிட்ச் இல்லை

நீங்களே ஜன்னலோரம் உக்காருங்க தம்பி. எனக்கு வெளிய வேடிக்கை பாக்கற ஆசையெல்லாம் இல்லீங்க. உக்கடம் தாண்டுனா பொள்ளாச்சி வரைக்கும் ரெண்டு பக்கமும் பேனருதான். பேனரைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதா, அந்தக் காதுகுத்து பேனரைப் பாருங்க. தாய்மாமன் மூஞ்சியப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்குது. அது மெஷின் பண்ணுன வேலை இல்லீங்க. கம்ப்யூட்டர் முன்னால ஒருத்தன் உக்காந்து தேய் தேய்னு தேச்சிருக்கான். மூக்கு எங்க போச்சுன்னு தேடோணும். தொழில் தெரியாதவனுக.

எனக்குத் தெரியுமுங்க. நான் பேனர் அடிக்கறவன் இல்லை, பேனர் அடிக்கற மெஷினைச் செய்யறவன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. என்ற சம்பந்திக்கு அது இன்னைக்கு வரைக்கும் மண்டையில ஏறலை. எல்லார்த்துகிட்டயும் 'பேனர் கடைக்காரரு'ன்னே சொல்லிட்டுத் திரியறாரு. தேங்காய் யாவாரிக்கு அவ்வளவுதானே புத்தி.

எங்க போறேன்னு கேட்டீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். கோமங்கலம் போறனுங்க, பொண்ணு ஊட்டுக்கு. ஒன்றரை வருசமா அவ எங்கூடப் பேசலை. நேத்து அவளே போன் பண்ணி, வாங்கப்பான்னா. ஒரே பொண்ணுங்க. இன்னைக்கு நல்லபடியாப் பேசி முடிச்சு, அவ பழையபடி என்ற ஊட்டுக்கு வரப் போக இருக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஊட்டுக்காரியும் பேறுகாலம் பாக்கறேன்னு அங்க போனவ போனவதான். பீளமேட்டுல அத்தாம் பெரிய ஊட்டுல நான் ஒருத்தன். சோத்தைப் போட்டுட்டு உக்காந்தா எதிர்ல செவுருதான் இருக்குது. இது இப்படியே போயிருமோன்னு பயமா இருக்குதுங்க, பொய் சொல்லுவானேன்.

ஆனா தப்பு அவ மேலதான். அதையும் சொல்லோணுமில்ல. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

சின்னியம்பாளையத்துப் பக்கம் மகுடம் இமேஜிங்னு ஒரு கம்பெனி. முதலாளி பொன்னுரங்கம் அண்ணன். மோட்டார் பம்பு செஞ்சு மேல வந்தவரு. நான் அவருகிட்ட டிசைன்ல இருந்தேன். அவரு மச்சினன் ஒருத்தன் பேனர் கடை வெச்சிருந்தான், சீனாக்காரன் மெஷின்ல. அது ஒரு நாள் படுத்துக்குச்சு. சீனாவுல இருந்து பாகம் வந்து சேர்றதுக்குள்ள ஒரு எலெக்‌ஷனே முடிஞ்சு போச்சு. மச்சினன் வந்து அழுதான். அண்ணன் என்னையக் கூப்புட்டு, 'குழந்தைவேலு, பத்தடி அகலத்துல பேனர் அடிக்கற மெஷினு. நம்ம ஊர்லயே செய்யோணும்'னாரு. பம்பு செய்யின்னு சொல்ற மாதிரியே சொன்னாரு.

பம்புன்னா சுத்துனாப் போதுமுங்க, தண்ணி வரும். இது அப்படியா? மையைத் துப்பற தலைன்னு ஒண்ணு இருக்குது. அதுல மயிரைவிடப் பொடிசா ஓட்டை, நூத்துக்கணக்குல. அது இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடோணும். ஓடிட்டே சொட்டுச் சொட்டாத் துப்போணும். திரும்பி வரயில, முன்ன துப்புன எடத்துலயே துப்போணும். அது ஓடற தண்டவாளம் ஒரு நூல் வளைஞ்சாலும் மாப்பிள்ளைக்கு ரெண்டு மீசை ஆயிரும். தலைய மட்டும் வெளிநாட்டுல வாங்குனோம். மத்ததெல்லாம் நம்ம ஊரு. அந்தத் தண்டவாளம் உக்கார்ற பீம் வார்க்கறதுக்கு கணபதியில ஒரு ஃபவுண்டரியில குடுத்தேன். மொத பீமு வாழைப்பழமாட்ட வளைஞ்சு வந்துது. என்னடான்னா, 'அண்ணா, இது மேல பம்பு உக்கார்றதுதானுங்களே'ங்கறான். பம்புப் புத்தி. இந்த ஊர்ல எவன்கிட்டப் பேசுனாலும் கடைசில பம்புலதான் வந்து நிப்பான்.

அவனுகளையெல்லாம் கட்டி இழுத்து மெஷினை நிமுத்துனது நான். அதை விடுங்க. மெஷின் யார் வேணும்னாலும் செய்வான். அதுக்கு மேல நான் ஒண்ணு பண்ணுனேன் பாருங்க, அதுதான் கதை.

பேனர் கடையில என்ன நடக்குதுன்னு பாக்கறதுக்குக் கரூர் வரைக்கும் கடை கடையா ஏறி எறங்குனேன். எல்லாக் கடையிலயும் ஒரே கூத்து. சடங்கு, கல்யாணம், கட்சி, எதுவா இருந்தாலும் வர்றவன் சொல்ற மொத வார்த்தை, 'கொஞ்சம் கலரா போட்ருங்க'. கலருன்னா என்ன கலரு, ஊதாவா? வெளுப்பாப் போடுன்னு சொல்ல வாய் கூசுது, ஆனா வெளுப்பா வேணும். அப்பறம் டிசைன் பண்றவன் மூஞ்சி மூஞ்சியா உக்காந்து வெளுக்கறான். சீர் கொண்டு வர்றவங்க மூஞ்சியே நாப்பது இருக்கும். கட்சி பேனர்னா கேக்கவே வேண்டாம், வார்டு செயலாளர் மூஞ்சி உட்டுப்போனா அடிதடி.

நான் நெனச்சேன், இதை எதுக்கு மனுசன் பண்றான்? மெஷினே பண்ணட்டும். படம் உள்ள போனதும் மெஷின் தானே மூஞ்சியத் தேடிக் கண்டுபுடிக்கும். புடிச்சதும் கருப்பு மையைக் கொறைச்சு, மஞ்சளும் ரோசும் ஒரு பக்குவமா ஏத்தும். அந்தப் பக்குவம் நான் வெச்சது. உலகத்துல எந்த மெஷின்லயும் அப்ப இல்லீங்க. அதுக்கு 'சோபை'ன்னு பேரு வெச்சேன். எப்படி? நல்லாருக்குதில்ல?

என்ற கீழ ஆனந்தவல்லின்னு ஒரு புள்ளை வேலை பாத்துது. விருதுநகர்ப் பக்கம். நான் சொல்றதைக் கம்ப்யூட்டர்ல எழுதற வேலை. கெட்டிக்காரி, ஆனா வாய் நீளம். அது வந்து, 'சார், இதுக்கு ஒரு சுவிட்ச் வச்சிருவோம். வேணுங்கிறவுக போட்டுக்கிடட்டும், வேண்டாங்கிறவுக அணைச்சுக்கிடட்டும்'னுது. எந்த மடையன் வந்து என்னையக் கருப்பாப் போடுன்னு கேப்பான்னேன். 'நான் கேப்பேன் சார்'ங்குது. நான் சிரிச்சுட்டேன். அந்தப் புள்ளை நம்ம நெறந்தானுங்க.

நான் என்னமோ வெள்ளைக்காரனாட்டப் பேசறேன்னு பாக்காதீங்க. என்னையத்தான் பாக்கறீங்களே. தார் ட்ரம்மு பக்கத்துல நின்னா எது எதுன்னு தெரியாது. அதனாலதானுங்க எனக்கு அந்த வலி தெரியும். பள்ளிக்கூடத்துல என்ற பேரு வாத்தியாருக்கே தெரியாது. 'டேய் கரிக்கட்டை'ன்னாத் திரும்புவேன். குரூப் போட்டோ எடுத்தா என்ற எடத்துல பல்லு மட்டும் தெரியும். அதை வெச்சு ஒரு வருசம் சிரிச்சானுக. அந்த மாதிரி இனி ஒரு குழந்தையைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. அதுக்குத்தான் பண்ணுனேன். அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது, சுவிட்ச் வேணுமாம் சுவிட்ச்.

வெக்கலை. மெஷின்ல பட்டன் ஒண்ணு எச்சா வெச்சா கம்ப்ளைண்ட் ஒண்ணு எச்சா வரும். டிசைன்ல அது பாலபாடம். சர்க்யூட் போர்டுலயே எழுதி சீல் வெச்சுட்டேன். ஒருத்தன் கை வெக்க முடியாது. நானே கை வெக்க முடியாது.

வித்துது தம்பி. சும்மா சொல்லலை, வரிசைல நின்னு வாங்குனாங்க. திருப்பூர்ல ஒரு கட்சிக்காரரு அவரு பேனரைப் பாத்துட்டு, 'என்ற மூஞ்சிய நானே இந்த அழகுல பாத்ததில்லை'ன்னு மெஷினுக்கு மாலை போட்டுட்டுப் போனாரு. மனுசனுக்குப் போட்டா நன்றி சொல்லுவான். மெஷினுக்குப் போட்டாரு. டிசைன் பண்ணுனவன் பக்கத்துலதான் நின்னேன்.

இந்த நேரத்துலதான் கோகிலாவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். என்ற பொண்ணு, கோகிலவாணி. மாட்டு டாக்டருக்குப் படிச்சவ. மூக்கு முழி, நடை, நெறம், எல்லாம் என்னையாட்டவே. போட்டோ கேப்பாங்கல்ல? மெஷினைக் கையில வெச்சுட்டு ஸ்டூடியோக்காரன்கிட்ட எதுக்குப் போகோணும்? நானே சோபைல போட்டு அனுப்புனேன். ஈரோட்டுல இருந்து கார் புடிச்சு வந்தாங்க. கோகிலா காப்பித் தட்டைக் கொண்டாந்தா. மாப்பிள்ளையோட அம்மா காப்பியை எடுத்துக்கிட்டு, உள்பக்கம் எட்டி எட்டிப் பாத்துட்டு, 'பொண்ணை வரச் சொல்லுங்க'ங்குது. பொண்ணு முன்னால நிக்குதுங்க. தட்டைப் புடிச்சுட்டு அந்தம்மா முன்னாலயே நிக்குது.

என்ன சனங்க! படிச்ச குடும்பமாம். கண்ணு இருந்துட்டாப் போதுமா, பாக்கத் தெரியோணும். அடுத்து தாராபுரத்துக்காரங்க வந்தாங்க, அவங்களும் அப்படித்தான். மூணாவதா ஒருத்தன் போட்டோவைக் கையிலயே கொண்டாந்து, அதைப் பாக்கறான், இவளைப் பாக்கறான், மறுக்கா அதைப் பாக்கறான். அவன் போன பொறகு கோகிலா டம்ளரெல்லாம் கழுவி வெச்சுட்டு வந்து, 'அப்பா, இனி யாருக்கும் அந்தப் போட்டோ அனுப்பாதீங்க'ன்னா. முந்தானையில கையைத் தொடைச்சிட்டே சொன்னா. எனக்கு மனசு கேக்கலை. மஞ்சள் கொஞ்சம் எச்சாப் போச்சோ, கொறைச்சிருக்கலாமோன்னு அன்னைக்குப் பூரா அதே ரோசனை.

அதுக்குள்ள கம்பெனிக்குக் கருப்பராயன் வந்து சேர்ந்தாரு. ஆமாங்க, சாமிதான். சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு ஊர்ல கருப்பராயன் கோயில் நோம்பி. அதுக்கு நம்ம மெஷின் வெச்சிருந்த கடையில பேனர் அடிச்சிருக்காங்க. இருவது அடிக்கு சாமி படம். சாமின்னு மெஷினுக்குத் தெரியுமுங்களா? அதுக்கு மூஞ்சின்னா மூஞ்சி. தேடிப் புடிச்சு வெளுத்துருச்சு. முறுக்கு மீசை, கையில அருவா, உருட்டி முழிக்கற கண்ணு, எல்லாம் சரியா இருக்குது. ஆனா சாமி ரோஸ் கலரு. பூசாரி அந்தப் பேனரைக் கழட்டற வரைக்கும் மணி அடிக்க மாட்டேன்னுட்டாராம்.

ரெண்டு டெம்போ நெறைய ஆளுக வந்தாங்க. பேனரைச் சுருட்டிக் கொண்டாந்து நம்ம ஷெட்டுக்குள்ள விரிச்சாங்க. பொன்னுரங்கம் அண்ணன் என்ன பண்ணுனாருன்னு நெனக்கறீங்க? செருப்பைக் கழட்டிட்டு நெடுஞ்சாண்கெடையா உழுந்தாரு. எதுக்கு முன்னால? அவரு கம்பெனி மெஷின்ல அடிச்ச ஃப்ளெக்ஸுக்கு முன்னால! நான் எடுத்துச் சொன்னேன், 'பாருங்க, சாமி முன்னைக்கு இப்ப லட்சணமாத்தானே இருக்காரு'ன்னு. ஒருத்தன் என்ற சட்டையப் புடிச்சுட்டான். 'எங்க பாட்டன் காலத்துல இருந்து கருப்பா நின்னு எங்களைக் காப்பாத்துனவரு, உனக்கு வெளுக்கோணுமா?'ங்கறான். இவனுககிட்ட டிசைன் பேச முடியுமுங்களா?

அவனுக போனதும் அண்ணன் ஆனந்தவல்லியக் கூப்புட்டு, 'அம்மணி, அந்த சுவிட்ச் வெச்சிரு'ன்னாரு. எங்கிட்டச் சொல்லலை. என்ற முன்னாலயே அந்தப் புள்ளைகிட்டச் சொல்றாரு. சுவிட்ச் வெச்சா நான் போயிருவேன்னேன். 'அப்படிங்களா'ன்னாரு. மீசை மொளைக்கற வயசுல அவருகிட்டச் சேந்தவன் நான். எனக்கு ஒரு 'அப்படிங்களா'. கையில இருந்த டீயைக்கூடக் கீழ வெக்கலை.

போறப்ப ஒரு மெஷினைக் குடுத்து உட்டாங்க. சுவிட்ச் இல்லாதது. இனி அதை எவன் வாங்குவான்னு என்ற தலையில கட்டுனாங்க. ஊட்டுல கார் ஷெட்டுல வெச்சிருக்கேன். இன்னைக்கும் ஒரு கோடு உழாம அடிக்கும். இப்பக் கம்பெனியில இருந்து வர்ற மெஷினைப் பாத்தீங்களா? முன்னாலயே பெருசா ஒரு சுவிட்ச். கழுத்துல தாயத்துத் தொங்கற மாதிரி. கேட்டா, பாதிப் பேரு அதை அணைச்சு வெச்சுத்தான் அடிக்கறாங்களாம். வடிகட்டுன பொய். அந்தப் புள்ளை கெளப்பி உட்டதா இருக்கும்.

அப்பறம் கோகிலாவுக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளை பேரு திருமூர்த்தி, கோமங்கலத்துல தென்னந்தோப்பு, மாடு கன்னு. அவன் இவளைப் போட்டோவுல பாக்கவே இல்லீங்க. அவன்ற மாடு கன்னு போட முடியாமக் கெடந்திருக்குது. இவ போயி, தோள் வரைக்கும் கையை உள்ள உட்டு, கன்னைத் திருப்பி இழுத்துப் போட்டிருக்கா. மேலெல்லாம் ரத்தமும் சாணியும். அதைப் பாத்துட்டு அவனுக்குப் புடிச்சுப்போச்சாம். எதைப் பாத்துட்டுப் பொண்ணைப் புடிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு வெவஸ்தை வேண்டாமுங்களா?

கல்யாணத்துக்கு அவ எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நகை கேக்கலை, கார் கேக்கலை. பக்கத்துல வந்து உக்காந்து, 'அப்பா, மண்டபத்து வாசல் பேனர்ல என்னைய என்னையாட்டவே போடுங்கப்பா'ன்னா. சரி கண்ணுன்னேன்.

சரின்னுதான் சொன்னேன், இல்லைங்கலை. ஆனா எங்க போயி அடிக்கறது? என்ற மெஷின்ல சுவிட்ச் இல்லை. ஆனந்தவல்லிகிட்டப் போயி, 'அம்மணி, உன்ற சுவிட்சைப் போட்டு என்ற பொண்ணை அடிச்சுக் குடு'ன்னு நிக்கறதா? இல்லை, சீனாக்காரன் மெஷின் வெச்சிருக்கறவன் கடையில போயி நிக்கறதா? மெஷினைச் செஞ்சவன் நான். என்ற பொண்ணு கல்யாணத்துக்கே ஊரான் மெஷினான்னு சிரிக்க மாட்டாங்க? அதுவுமில்லாம, பொண்ணுக வாய்ல வேண்டாமுங்கும், மனசுல ஆசை இருக்கும். என்ற மெஷின்லயே அடிச்சேன். பேனர் உருண்டு உருண்டு வெளிய வரயில நெத்தி வந்துது, கண்ணு வந்துது, சிரிப்பு வந்துது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. மகாலட்சுமி. பக்கத்துல மாப்பிள்ளையும் ஜமீன்தாராட்ட ஆயிட்டான். அவனுக்கு நான் பண்ணுன உதவி அது, இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை.

காலைல முகூர்த்தம். மாப்பிள்ளை ஊட்டு சனம் கோமங்கலத்துல இருந்து பஸ் புடிச்சு வருது. வந்தாங்க, மண்டபத்து வாசலுக்கே வந்தாங்க. முன்சீட்டுல மாப்பிள்ளையோட பெரியப்பா. பேனரை அண்ணாந்து பாத்துட்டு, 'இது யாரோ வடக்கத்திக்காரங்க கல்யாணம்டா, நீ எடு'ன்னு டிரைவர்கிட்டச் சொல்லியிருக்காரு. அவன் நேரா அடுத்த மண்டபத்துக்கு உட்டுட்டான். அங்க ஆரோ ஒருத்தர் ஊட்டுக் கல்யாணம். எறங்குனதும் இவங்க கேட்டாங்களா? இல்லை. நேராப் போயிப் பந்தியில உக்காந்துட்டாங்க. பொங்கல், வடை, கேசரி. காப்பி குடிச்சுட்டு மணவறையப் பாத்தாத்தான் அங்க வேற மாப்பிள்ளை உக்காந்திருக்கான்!

இதுக்கும் தப்பு என்ற மேலயாம். கீழ பேரு போட்டிருக்குதே, படிக்கலாமில்ல? பொடிசாத்தான் போட்டிருந்தேன், மூஞ்சிக்கு எடம் வேணுமே. இங்க ஐயரு நேரமாச்சு நேரமாச்சுங்கறாரு, மாப்பிள்ளை பக்கம் பூரா நாற்காலி காலியாக் கெடக்குது. அப்பறம் போன் மேல போன் போட்டு, எல்லாம் வாய் தொடைச்சிட்டே ஓடி வந்தாங்க. மண்டபமே சிரிச்சுது. பெரியப்பா எல்லார்த்துகிட்டயும், 'அந்தப் பொம்பளை நம்ம பொண்ணுன்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கறது'ன்னு கேட்டுட்டுத் திரியறாரு.

அது கோகிலா காதுக்குப் போயிருச்சு. அலங்காரத்தோட, மாலையோட, எல்லாரும் தடுக்கத் தடுக்க வாசலுக்கு வந்துட்டா. பேனரைப் பாத்தா. கத்துவான்னு நெனச்சேன், கத்தலை. 'இது யாருங்கப்பா?'ன்னா. நீதான் கண்ணுன்னேன். 'நான் இங்க நிக்கறனுங்கப்பா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்பறம் உள்ள போயித் தாலி கட்டிக்கிட்டா. கட்டி முடிச்சுக் கால்ல உழுந்து எந்திரிச்சு, என்ற காதோரம், 'இனி உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு சொல்லிட்டுப் போனா. மிதிக்கலீங்க. தலைப்பிரசவம் தாய் ஊட்டுல பாக்கறதுதானே நம்ம வழக்கம்? அதுக்கும் வரலை. மாமியா ஊட்டுலயே பெத்துக்கிட்டா. என்ற சம்பந்தி அதையும் ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு.

ஒரு பேனருக்காக அப்பனை வேண்டாங்கற பொண்ணை நீங்க பாத்திருக்கீங்களா? நானும் கெடக்கட்டும்னுதான் இருந்தேன். ஆனா பாருங்க, நேத்து போன்ல அவ பேரு வந்ததும் எதை அமுக்கறதுன்னு தெரியலை.

'அப்பா, வாங்க'ன்னா. 'ஒண்ணு மட்டும். இனி என்ற மூஞ்சி அந்த மெஷினுக்குள்ள போகக் கூடாது. போச்சுன்னா அதோட முடிஞ்சுது, நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்'னா. சத்தியமாப் போகாது கண்ணுன்னேன். 'வெறுங்கையோட வாங்க, போதும்'னா. அப்பறம் 'பாப்பா உங்களையாட்டவே இருக்காங்கப்பா'ன்னா. சொல்றப்ப அழுகையை அடக்கறான்னு தெரிஞ்சுது. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. பின்ன? என்ற நெறம் அந்தப் பிஞ்சுக்கும் வந்துருச்சேன்னு பெத்தவளுக்குத் தாங்குமா? அதை எங்கிட்டச் சொல்லாம வேற ஆருகிட்டச் சொல்லுவா? அப்பன் மேல எத்தனை கோவம் இருந்தாலும், இதுக்கு வழி அப்பன்கிட்டத்தான் இருக்குதுன்னு அவளுக்குத் தெரியுமுங்க.

ஊட்டுக்காரி போன்ல குழந்தை படம் அனுப்பியிருந்தா. உடனே ஷெட்டைத் தொறந்தேன். மெஷினைத் தொடைச்சு, மை ஊத்தி, வினைல்ல அடிச்சு, போர்டுல ஒட்டி, இந்தா, இந்த நியூஸ் பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கறனே, இதுதான். அவ சொன்னது அவ மூஞ்சி. இது குழந்தை மூஞ்சி. சத்தியத்துல ஒரு கீறல் இல்லை. சரிதானுங்களே? வெறுங்கையோட வாங்கன்னா, அதெல்லாம் ஒரு மொறைக்குச் சொல்றது. எந்தத் தாத்தன் பேத்தியப் பாக்க வெறுங்கையோட போவான்?

பிரிச்சுக் காட்டறேன், நல்லாப் பாருங்க. எப்படி? ரோசாப்பூ. தொட்டிலுக்கு மேல மாட்டி உட்டா, கோகிலா காலைல கண்ணு முழிச்சதும் இந்த மூஞ்சியப் பாப்பா, மனசு ஆறும். போன்ல இருக்கறதையும் வேணும்னாப் பாருங்க. இதை வெச்சுத்தான் அதைச் செஞ்சேன். இந்தக் கண்ணு சுருங்கறது என்னையாட்டவே இல்லீங்க? ஏனுங்க, நீங்க போனையே பாத்துட்டு இருக்கீங்க, இதைப் பாருங்க. போன்ல இருக்கறதுதான் நல்லா இருக்குதுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. உங்களுக்கும் அந்த ஈரோட்டுக்காரங்களாட்டப் பாக்கத் தெரியலை. போனைக் குடுங்க.

இந்த போர்டை அவகிட்டக் குடுக்காதீங்கன்னா என்னங்க அர்த்தம்? அவளுக்குக் கோவம் வருமா? தம்பி, என்ற பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? உக்கடத்துல இருந்து எங்கூட உக்காந்து வர்றீங்க, அவ்வளவுதானே?

வந்துருச்சுங்க, கோமங்கலம். அதா, பஸ் ஸ்டாப்புல நிக்கறா பாருங்க, பச்சச் சேலை. அவதான். நேர்லயே வந்துட்டா, பாத்தீங்களா? ஒன்றரை வருசம் கழிச்சு… எளைச்சுப் போயிட்டா. குழந்தையைத் தூக்கிட்டு வந்திருக்கா. மூஞ்சிய மூடக்கூட இல்லை, வெயில் நேரா அடிக்குது. பஸ்ஸைப் பாத்துத் தூக்கிக் காட்டறா. அட, சாமி… அப்படியே நான்தானுங்க. அச்சு அசலா நான்தான்.

வழியில இத்தனை பேரு நிக்கறாங்க, இந்த போர்டைத் தூக்கிட்டு நுழைய முடியாது. இதை நீங்க வெச்சிருங்க, நான் கீழ எறங்குனதும் ஜன்னல் வழியாக் குடுத்துருங்க. நகருங்க, நகருங்க, எறங்கோணும். கண்டக்டர், ஆள் எறங்குது!

குடுங்க தம்பி. இங்க, இந்த ஜன்னலுக்குக் கீழதான் நிக்கறேன். கொஞ்சம் சாய்ச்சா வந்துரும். ஏனுங்க, தலைய ஆட்டறீங்க? மடியில எதுக்கு அமுக்கி வெச்சிருக்கீங்க? அட, குடுங்கங்கறேன்.

இரு கண்ணு, வந்துட்டேன். குழந்தையை நீட்டாத, சித்த இரு, அப்பறம் வாங்கிக்கறேன். தம்பி, வெளையாடாதீங்க, பஸ்ஸை எடுக்கறான். ஏனுங்க! நிறுத்துங்க! கண்டக்டர், நிறுத்தச் சொல்லுங்க! என்ற பேத்தி உள்ள இருக்கறாங்க!